கொங்குச் சீமையில் கல் தேடப் போகிறவர்களுக்கு: வரைபடம் முதல் கிணற்றுமேடு வரை

சேலம், நாமக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் கனிமக் கற்கள் சேகரிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெயர் கேள்விப்பட்ட மலைக்கு நேராகப் போய்விடுகிறார்கள். கஞ்சமலை என்றால் இரும்பு, சிவன்மலை என்றால் குருந்தம் (மாணிக்கமும் நீலக்கல்லும் சேர்ந்த கடினக் கல்வகை) என்று படித்திருப்பார்கள். போய்ப் பார்த்தால் மலையில் பாதி காப்புக்காடு, மீதி கோயில் இடம். கை வைக்க முடியாது. வைக்க முடிந்தாலும் வெயிலிலும் மழையிலும் கறுத்துப்போன பாறை முகத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவும் முடியாது.

நல்ல கல் கிடைக்கும் இடம் அடிவாரச் சமவெளிதான். அதிலும் யாரோ வேறு வேலைக்காக நிலத்தைப் புரட்டிப் போட்ட இடம்: கிணற்றுமேடு, உழுத காட்டின் (இங்கே காடு என்றால் விளைநிலம்) வரப்பு, ஓடைப்பள்ளம், குவாரிக் கழிவு. ஆகவே தேட வேண்டியது இரண்டு. எந்தப் பாறைப் பட்டை எந்த ஊர் வழியாகப் போகிறது என்பது ஒன்று. அந்தப் பட்டையின் மேல் எங்கே நிலம் புரண்டிருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதை வீட்டிலேயே முடித்துவிடலாம்.

எந்தப் பக்கம் எது

இந்தப் பகுதியின் அடித்தளம் நைஸ், சார்னோக்கைட் வகைப் பழம்பாறை. கட்டடக் கருங்கல்லாக வருவது இதுதான். சேகரிப்பவருக்கு இதற்குள் ஊடுருவிய விதிவிலக்குகளே முக்கியம்.

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடியில், டியூனைட் பாறைக்குள் வெள்ளை நரம்பாக ஓடுவது மேக்னசைட், ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்கல். கஞ்சமலையைச் சுற்றி மேக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறிமாறி வரியாக அமைந்த இரும்புக்கல். சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கிரானைட்டும் அதிலிருந்து பிரிந்த பெக்மடைட் எனும் பெரும்படிகப் பாறை நரம்புகளும், கூடவே படிகச் சுண்ணாம்புக்கல்லும் உண்டு. பரமத்திவேலூர் வட்டத்துச் சித்தம்பூண்டியில் வெள்ளையும் கருமையும் கலந்த அனார்த்தசைட். நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால் சந்திரயான்-2 சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணை இதை அரைத்துத்தான் செய்தார்கள். குரோமைட் பட்டைகளும் இளஞ்சிவப்புக் குருந்தமும் அதே பாறையில் வருபவை. காங்கேயம் பக்கம் சிவன்மலையில் நெஃபிலின் சயனைட் பாறையும் குருந்தமும். படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்வாமரைன் எனும் கடல்நீல மணிக்கல் எடுத்தார்கள். காங்கேயம், கரூர் வட்டாரத்துப் பெக்மடைட்டுகளில் நிலாக்கல் எனப்படும் சந்திரகாந்தக்கல்லும் வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை பெக்மடைட். நரம்பு சிறிதாக இருந்தாலும் படிகம் பெரிதாக இருக்கும், கண்ணுக்கே தெரியும்.

வீட்டில் முடிக்க வேண்டிய வேலை

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் 1:50,000 அளவிலான பாறை வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. பதிவு செய்துகொண்டு, மாவட்டத்தைத் தேர்ந்து, பாறை வகை அடுக்கை இறக்கிக்கொள்ளுங்கள். விளக்கப் பட்டியலில் பெக்மடைட், குவார்ட்ஸ் நரம்பு, அனார்த்தசைட், டியூனைட், சயனைட், கால்க் கிரானுலைட் ஆகிய சொற்களைத் தேடுங்கள். இரண்டு பாறைகள் உரசும் எல்லைக்கோட்டுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். சுண்ணாம்புக்கல்லும் கிரானைட்டும் சேரும் இடத்தில் டயாப்சைடு, கார்னெட் போன்ற கனிமங்கள் உருவாகின்றன.

இந்த வரைபடத்தை அளவுக்கு மேல் நம்பாதீர்கள். இந்த அளவில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். 2 மீட்டர் அகல நரம்பு இதில் வரவே வராது. வரைந்த கோடும் அம்பது, நூறு மீட்டர் தள்ளி இருக்கலாம். கோட்டின் மேல் போய் நின்று “ஒன்றுமில்லையே” என்று திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். கோட்டுக்கு இருபுறமும் கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

அடுத்து கூகுள் எர்த் ப்ரோ. பாறை அடுக்கை அதில் ஏற்றி, பட்டை நெடுக மேலிருந்து பாருங்கள். செம்மண் காட்டில் வெள்ளைக் கீறலாகத் தெரிவது பெரும்பாலும் குவார்ட்ஸோ பெக்மடைட்டோதான். பழைய ஆண்டுப் படங்களைக் காட்டும் பட்டியை நகர்த்தினால் எந்தக் கிணறு எப்போது வெட்டப்பட்டது, எந்தக் குழி எப்போது நிரம்பியது என்பதும் தெரியும். கிணற்றை அடையாளம் காண்பது சுலபம்: சதுரமோ வட்டமோ ஆன கருநிழல், அதை ஒட்டி வெளிறிய ஒரு மேடு.

மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதில்லை. குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பங்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பொதுவில் இருக்கின்றன. சர்வே எண்ணும் சுரங்கத் திட்டமும் அதோடு இணைத்திருப்பார்கள். பாறை பற்றி ஒரு அத்தியாயமே இருக்கும். மாவட்ட இணையதளத்தில் வெளியாகும் மாவட்ட ஆய்வறிக்கையில் குத்தகைகளின் பட்டியல் உண்டு. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் (பெக்மடைட்டின் முக்கியக் கனிமங்கள் இவை) என்று எழுதியிருக்கும் குத்தகைகளை மட்டும் பிரித்தெடுங்கள். குத்தகை நிலத்துக்குள் போக அல்ல. நரம்பு அங்கேயே நின்றுவிடாது. அதே திசையில் அடுத்த காட்டுக்கும் போகும்.

இவ்வளவையும் பார்த்து ஒரு நாளைக்கு ஐந்தாறு புள்ளிகளைக் குறித்தால் போதும். பாதி இடத்தில் கம்பிவேலியும் பூட்டும்தான் வரவேற்கும்.

யார் நிலம்

தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால் அது பட்டாவா புறம்போக்கா என்று அ-பதிவேடு சொல்லிவிடும். காப்புக்காடு என்றால் அந்தப் புள்ளியை அடித்துவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் எடுக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. கொடுமணல் போன்ற அகழாய்வு ஊர்களில் மேற்பரப்பில் கிடக்கும் பச்சைக்கல் சில்லும் சூதுபவளச் சில்லும் பண்டை மணித் தொழிலின் மிச்சம். அவை தொல்பொருள், குனிந்து பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

பட்டா நிலத்தில் காட்டுக்காரரின் சம்மதம் கட்டாயம். ஆனால் அந்தச் சம்மதம் சுரங்க உரிமை ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்படி, விதிப்படியான அனுமதி இல்லாமல் கனிமம் எடுப்பதும், வண்டியில் கொண்டுபோவதும், சேர்த்து வைப்பதும் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பொழுதுபோக்குச் சேகரிப்புக்கு என்று அதில் தனிச் சலுகை எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே தோண்டாதீர்கள், சாக்கில் கட்டாதீர்கள், விற்காதீர்கள். தரையில் கிடப்பதில் கைக்கு அடங்கும் மாதிரி இரண்டு மூன்று போதும். குவாரி, புறம்போக்கு எதுவானாலும் எடுப்பதற்கு முன் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. ஆற்று மணலை ஒரு பையில்கூட அள்ளி வண்டியில் வைக்காதீர்கள். சோதனைச் சாவடியில் கார்னெட் பற்றி விளக்கிக்கொண்டிருக்க நேரிடும்.

கையில் வரைபடமும் ஜி.பி.எஸ்.ஸும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நின்றால் உயர்மின் கோபுரத்துக்கோ எரிவாயுக் குழாய்க்கோ அளக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். அது போனால் புதையல் ஆள், அதுவும் போனால் நிலத் தரகர். எனவே முதலில் வீட்டு வாசலுக்குப் போய், “ஏனுங்க, கல்லு வகை பார்க்க வந்தமுங்க. தோண்ட மாட்டோம். கிணத்துமேட்டுல கெடக்கறதுல ரெண்டு மூணு எடுத்துக்கலாங்களா?” என்று கேட்டுவிடுங்கள். எடுத்ததைக் கிளம்பும்போது காட்டிவிட்டுப் போனால் அடுத்த முறை “மேக்காலத் தோட்டத்துல இன்னும் வெள்ளையா இருக்குது” என்று அவர்களே சொல்வார்கள். வரைபடத்தில் இல்லாத செய்தி அப்படித்தான் வரும்.

கிணற்றுமேடு

கொங்குப் பகுதியில் கிணறு என்பது மண்ணில் தோண்டியது அல்ல, பாறையில் வெட்டியது. ஐம்பது, அறுபது அடி சாதாரணம். அத்தனை ஆழத்துப் பாறையும் கிணற்றோரத்திலேயே குவிந்து கிடக்கிறது. கிணற்றுமேடு என்பது அந்த நிலத்தின் குறுக்குவெட்டு, தலைகீழாக. முதலில் வெட்டிய மேல்மண்ணும் சுக்கான் எனும் சுண்ணாம்பு முடிச்சுகளும் மேட்டின் அடியில். கடைசியில் வெடிவைத்து எடுத்த புதுப்பாறை உச்சியில். பிறகு ஆழப்படுத்தியிருந்தால் கிரேன் நின்ற பக்கத்தில் மட்டும் தனிக் குவியல் இருக்கும். நிறம் வெளிறாத, ஓரம் கூர்மையான கற்கள் அங்கேதான்.

மேட்டை அடியிலிருந்து உச்சிவரை ஒரு சுற்று ஏறிப் பாருங்கள். கற்களின் நிறம் எங்கே மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். சாம்பல்நிற நைஸுக்கு நடுவே திடீரென்று கை அகல ஃபெல்ட்ஸ்பார் துண்டுகள் தெரிந்தால் கிணறு ஒரு பெக்மடைட்டை வெட்டியிருக்கிறது என்று பொருள். அந்தத் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். காக்காப்பொன் ஏடுகளும், கரிக்குச்சி போன்ற டூர்மலைனும், ஆறுபட்டைப் பெரிலும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் குவார்ட்ஸுக்கும் இடைப்பட்ட விளிம்பில்தான் ஒட்டியிருக்கும்.

சூரியன் சாய்வாக இருக்கும் காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நான்கரைக்கு மேலோ, சூரியனை எதிர்கொண்டு நடந்தால் ஃபெல்ட்ஸ்பாரின் தட்டையான பிளவு முகங்கள் தூரத்திலிருந்தே மின்னும். குவார்ட்ஸ் அப்படி மின்னாது. தட்டையான பிளவு அதற்குக் கிடையாது. மின்னும் துண்டை நனைத்து மெல்லத் திருப்புங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் நீலமோ பாலோ கலந்த ஒளி மேற்பரப்புக்கு அடியில் மிதந்து நகர்ந்தால் அது நிலாக்கல். முகம் முழுவதும் ஒரே மாதிரி பளிச்சிட்டால் சாதா ஃபெல்ட்ஸ்பார்.

மேட்டின் கிணற்றுப்பக்கச் சரிவில் ஏறாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளே அதிகம். காலடியில் உருளும் கல்லோடு ஆளும் போய்விடலாம். பழங்கிணற்றுச் சுவர்ப் பொந்துகளில் தேனீக்கூடு இருக்கும், உள்ளே கல் எறிந்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

ஆழ்துளைக் கிணற்று மண் மாதிரிக்கு ஆகாது. ஆனால் நிறம் சேதி சொல்லும். புதிதாகப் போட்ட போர்வெல்லைச் சுற்றி வெள்ளைப் பொடி பரந்திருந்தால் கீழே ஃபெல்ட்ஸ்பாரோ குவார்ட்ஸோ இருக்கக்கூடும்.

உழுத காடும் கொறங்காடும்

ஆடிப்பட்டத்துக்கு உழுது, முதல் மழை பெய்து, விதைப்பதற்கு முன் இருக்கும் சில நாட்கள் கல் தேடுகிறவர்களுக்கு வருடத்தில் கிடைக்கும் நல்ல காலம். மழை மண்ணைக் கழுவிக் கல்லை மேலே விட்டிருக்கும். உழவுக்கு இடைஞ்சலான கற்களைப் பொறுக்கி வரப்பில் குவித்திருப்பார்கள். அந்தக் குவியலே போதும், காட்டுக்குள் இறங்க வேண்டியதில்லை. விதைத்துவிட்டால் போகவே போகாதீர்கள். அதைத் தவறவிட்டால் வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசி.

காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் கொறங்காடுகளில் கிளுவை வேலியோரம் கற்கள் கிடக்கும். படலைத் திறந்து போனால் திரும்பச் சாத்துவதை மறக்க வேண்டாம். மாடு வெளியேறினால் அந்த ஊரில் உங்களுக்கு அன்றோடு சரி.

கல்லைப் புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்களை நோக்கித் தூக்குங்கள். அப்போது திறக்கும் வாய் அந்தப் பக்கம் இருக்கும். உள்ளே இருக்கும் சுருட்டைவிரியனோ தேளோ அந்தப் பக்கமாகப் போகும். குச்சியோ சிறு கொத்தோ கையில் இருந்தால் விரலை உள்ளே விட வேண்டியதில்லை. கடித்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.

பள்ளத்தில் மேல்நோக்கி

நரம்பு எங்கே என்று தெரியாதபோது ஓடைதான் வழிகாட்டி. ஓடையில் கிடைக்கும் கல்லின் ஓரத்தைப் பாருங்கள்: கூர்மை மழுங்கவில்லை என்றால் பிறந்த இடம் அருகில், கூழாங்கல்லாகத் திரண்டிருந்தால் தொலைவில்.

முறை இது. வாயகன்ற பிளாஸ்டிக் தட்டில் அரை லிட்டர் சரளை மணலை, பெரிய கல்லுக்குப் பின்னால் தண்ணீர் வேகம் குறையும் இடத்திலிருந்து, கூடியவரை பாறைத் தரையை ஒட்டி எடுங்கள். தண்ணீரில் அமிழ்த்தி, அரிசி களைவதுபோல் சுழற்றி, லேசானதை விளிம்பு வழியே விடுங்கள். கடைசியில் தங்கும் கருமணலில் காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி ஓட்டுங்கள், மேக்னடைட் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தில் சிவப்புக் கார்னெட் மணிகளை எண்ணுங்கள். எண்ணியதும் மணலை அங்கேயே கொட்டிவிட்டு மேலே நடங்கள். இரண்டு ஓடை சேரும் இடத்தில் இரு கிளையிலும் தனித்தனியாக எடுத்து, எண்ணிக்கை கூடும் கிளையில் தொடருங்கள். ஓரிடத்தில் எண்ணிக்கை சட்டென்று அற்றுப்போகும். மூலம் அதற்குச் சற்றுக் கீழே, கரையின் இடதிலோ வலதிலோ இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் அளவு மாறினாலோ, ஒரு இடத்தில் மேல்மணலும் இன்னொரு இடத்தில் அடிமணலும் எடுத்தாலோ இந்த எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை. பெரும்பாலும் கெடுவது இங்கேதான். நொய்யல் போன்ற சாயக்கழிவு கண்ட ஆறுகளில் கையுறை போடுங்கள்.

குவாரி

ஓடும் குவாரிக்குள் மேலாளர் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் வேலையில்லா நாளில், ஆள் கூட வர, கழிவுமேடு வரை விடுவார்கள். ஃபெல்ட்ஸ்பார் குவாரிக்காரருக்குக் கார்னெட்டும் டூர்மலைனும் தரத்தைக் கெடுக்கும் கசடு, ஒதுக்கிக் கொட்டிவிடுவார். வெடிவைத்த சுவருக்கு அடியில் நிற்காதீர்கள். வெடிக்காத தோட்டா, வயர் எது தெரிந்தாலும் தொடாமல் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். தண்ணீர் நிறைந்த கைவிட்ட குழிகளின் விளிம்பு உள்ளே அரித்திருக்கும்.

சேலத்து டியூனைட் பகுதியில் நார்நாராகப் பிரியும் வெண்பச்சைக் கல்லை உடைக்க வேண்டாம். கல்நார் வகைத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. குவார்ட்ஸ் உடைத்தால் நனைத்து உடையுங்கள்.

கையில் உள்ளது என்ன

கருவிகள் அதிகம் வேண்டாம்: 600 கிராம் எடைச் சுத்தியல், உளி, கண்ணாடிக் கவசம், பத்து மடங்கு லென்ஸ், காந்தம், பளபளப்பில்லாத டைல் துண்டு, எலுமிச்சம்பழம். சுத்தியலால் இன்னொரு சுத்தியலின் தலையில் அடிக்காதீர்கள், இரும்புச் சில்லு தெறிக்கும்.

வெள்ளைக் கல்லில்தான் குழப்பம் அதிகம். எலுமிச்சைச் சாறு பட்டதும் நுரைத்தால் சுக்கானோ சுண்ணாம்புக்கல்லோ. நுரைக்காமல், பீங்கான் உடைந்ததுபோல் மழமழவென்று இருந்து, கத்தியால் கீற முடிந்தால் மேக்னசைட். கத்திக்கு மசியாமல் கண்ணாடியைக் கீறினால் குவார்ட்ஸோ ஃபெல்ட்ஸ்பாரோ; தட்டையான பிளவு இருந்தால் பின்னது. கறுப்பு நிறக் கற்களை டைலில் தேய்க்க வேண்டும்: கருங்கோடு விழுந்து காந்தம் இழுத்தால் மேக்னடைட், காப்பிக்கோடு விழுந்தால் குரோமைட்.

சித்தம்பூண்டி, காங்கேயம் பக்கம் சிவப்பாகக் கிடைப்பது எல்லாம் குருந்தம் அல்ல, பெரும்பாலும் கார்னெட். எடையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டின் அடர்த்தியும் 4-ஐ ஒட்டியது. வடிவமும் கடினமும்தான் பிரிக்கும். கார்னெட் பல முகமுள்ள உருண்டை; குருந்தம் ஆறுபட்டைப் பீப்பாய், குவார்ட்ஸைச் சுலபமாகக் கீறும். ஆனால் நிறமேறிய குவார்ட்ஸையும் இவற்றையும் பிரிக்க அடர்த்தி உதவும். மின்தராசில் பாதித் தண்ணீர் உள்ள டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது கல்லின் கன அளவு. 84 கிராம் கல்லுக்குத் தராசு 21 காட்டினால் அடர்த்தி 4. அதே எடையுள்ள குவார்ட்ஸ் 32 அருகே காட்டும். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியும் தாய்ப்பாறையும் கணக்கைக் கெடுக்கும். பத்து கிராமுக்குக் குறைந்த கல்லுக்கு நகைத் தராசு வேண்டும்.

ஏமாற்றுபவை சில உண்டு. பழைய இரும்பு உருக்கிய கசடான சிட்டக்கல், கருங்கண்ணாடிபோல் குமிழியோடு கிடக்கும். சாலையோரக் குவியலும் ரயில் தண்டவாள ஜல்லியும் எந்த ஊர்ப் பாறையோ. ஓரிடத்தில் மட்டும், சுற்றிலும் எதிலும் ஒட்டாத கல் கிடைத்தால் முதலில் லாரியைச் சந்தேகப்படுங்கள்.

எடுத்தவுடன் கல்லின் ஒரு மூலையில் வெள்ளைத் திருத்தமை (வொயிட்னர்) வைத்து, காய்ந்ததும் எண் எழுதுங்கள். நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே தேதி, கிராமம், வட்டம், ஐந்து தசம இலக்கம் வரை அட்சரேகை, தீர்க்கரேகை, கூடவே பாறையோடு இருந்ததா, மேட்டில் கிடந்ததா, ஓடையில் வந்ததா என்பதும். இதை மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தக் கல் எந்த மேடு என்பது மறந்துபோகும். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். குவார்ட்ஸோடு உரசினால் கால்சைட்டின் முகம் வீடு வரும்முன் கீறலாகிவிடும்.

வீட்டில் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். குவார்ட்ஸில் செம்மண் கறை போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம், பிளாஸ்டிக் வாளியில், கையுறையோடு, மூடிவைத்து இரண்டு மூன்று நாள். பிறகு சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரை நாலைந்து முறை மாற்ற வேண்டும். சுக்கான் ஒட்டிய கல்லை இதில் போடாதீர்கள், கழுவினாலும் போகாத வெண்படலம் ஏறிவிடும்.